பேய்கூட வட்டி கேட்கும் நாட்டில் இருட்டுக்கதை

2024 ஜனவரி 6, மாலை

ஒரு வாசகர் கேட்டது இது: “இருண்ட அமானுஷ்யக் கதை, சரித்திர மாயக்கதை எல்லாம் தஞ்சாவூரிலோ மதுரையிலோ நடந்தால் நம்பலாம். கொங்கு நாட்டில் என்ன இருக்கிறது? அரண்மனை இல்லை, சுரங்கப் பாதை இல்லை, சாபம் விட்ட ராணி இல்லை. விசைத்தறியையும் கோழிப்பண்ணையையும் வைத்துக்கொண்டு யாரைப் பயமுறுத்துவீர்கள்? உங்கள் ஊர்ப் பேய்கூட வட்டி கேட்கத்தான் வரும்.”

முதலில் கோபம் வந்தது. டீ ஆறுவதற்குள் கோபமும் ஆறிவிட்டது. கேலியாகச் சொன்னதுதான், ஆனால் அந்தக் கடைசி வரியில் ஏதோ இருக்கிறது. எழுதுகிறேன். ஒரே மூச்சில் வராது.

அதே நாள், இரவு 11.40

அரண்மனை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கரூர்ப் பக்கம் புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசர் பெயர்களோடு தமிழிக் (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டு இருக்கிறது. ஆனால் கதாநாயகி தீவட்டியோடு இறங்கிப் போக ஒரு நிலவறை வேண்டுமென்றால் நம்மிடம் கிடையாது.

இட்டேரி இருக்கிறது. இந்தச் சொல் தெரியாதவர்களுக்கு: இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, இருபக்கமும் கிளுவை வேலியோ கள்ளியோ அடைத்த வண்டித்தடம். பொழுது இறங்கியபின் அதற்குள் நுழைந்தால் முன்னும் பின்னும் மட்டும்தான் வழி. பக்கவாட்டில் ஓட முடியாது. சின்ன வயதில் பால் கொண்டுபோய் ஊற்றிவிட்டுக் காலிச் சொம்போடு அந்த வழியாகத் திரும்பி வந்திருக்கிறேன். சொம்பின் மூடி ஆடும் சத்தம் நமக்குப் பின்னால் யாரோ வருவதுபோலவே கேட்கும். நின்றால் அதுவும் நிற்கும். எந்த நிலவறை இதற்கு ஈடு?

அப்புறம் புலிகுத்திக்கல். ஆட்டுப்பட்டியைக் காக்கப் போய்ப் புலியோடு செத்தவனுக்கு நட்ட கல். வீரமாத்தி கோவில்களைச் சொல்லவே வேண்டாம். புருசனோடு தீயில் இறங்கிய பெண்ணை, அவள் இறங்கும்போது சுற்றி நின்று பார்த்தவர்களின் வம்சம் இன்றைக்கும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறது. சாபம் விட்ட ராணி இல்லை என்கிறீர்கள். சாபம் விடாமல் போனவளுக்கே இவ்வளவு பயப்படுகிறோம்.

ஜனவரி 9

நானே ஒன்று எழுதிப் பார்த்துத் தோற்றவன். அதைச் சொல்லாமல் பேசுவது ஒழுங்கில்லை.

நாலு வருசத்துக்கு முன்னால் கொடுமணல் போயிருந்தேன். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரை. 1985இல் தொடங்கிப் பலமுறை தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, ஆள் பெயர் கீறிய பானை ஓடுகள், ஊருக்கு வெளியே ஏராளமான ஈமக்குழிகள். குழி என்றால் நம் ஊர்க் குழி இல்லை. பலகைக் கற்களை நிறுத்தி அறைபோலக் கட்டி, மேலே மூடுகல் வைத்து, சுற்றிக் கல்வட்டம் போட்டிருக்கிறார்கள். உள்ளே சூதுபவள மணி, வாள், பானை. பல அறைகளின் பலகைக் கல்லில் ஒரு வட்டத் துளை இருக்கும். இடுதுளை என்பார்கள்.

என்னை உலுக்கியது அந்தத் துளைதான். இவ்வளவு பெரிய கல்லைப் புரட்டிப் போட்டு மூடுகிறவன் எதற்கு ஓட்டை வைக்கிறான்? எதையாவது உள்ளே போடவா, உள்ளே இருப்பது வெளியே வரவா? பஸ் ஏறும்போதே கதை தொடங்கிவிட்டது. நீலக்கல் பட்டை தீட்டும் ஒருவன், செத்துப்போன தன் முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய கடைசி மணியைக் கொடுக்கவில்லை. துளை வழியாக ஒரு கை வருகிறது.

நல்ல தொடக்கம்தானே? அறுபது பக்கத்தில் கெடுத்தேன். ஆறாவது அத்தியாயத்தில் சேர இளவரசனைக் கொண்டுவந்தேன். அவன் வந்ததும் எல்லாரும் “தங்கள் சித்தம், மன்னா” என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். போர் வந்தது. “நொய்யல் செந்நிறமாக ஓடியது” என்று எழுதினேன். திருப்பூர் நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த வரியில் விரலை வைத்து, “எந்தச் சாயப்பட்டறை?” என்றார். அத்தோடு கதை செத்தது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் கொடுமணலுக்குப் பக்கத்திலேயே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே இருக்கும் விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி கும்பிடுகிறான். இதைவிட இருட்டான கற்பனை என்னிடம் இல்லை.

ஜனவரி 10

நேற்று விட்டுப்போனது. பதிற்றுப்பத்தில் 67ஆம் பாட்டு, கபிலர் பாடியது, “கொடுமணம் பட்ட” என்று இந்த ஊரைச் சொல்கிறது. கலைப்பொருளும் முத்தும் கிடைக்கும், போ என்று பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. அதை மட்டும் பெருமையாக மேற்கோள் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வோம். அதே பாட்டில் சில வரிகள் தள்ளிப் போனால் நிணம் பரந்த களம், இரத்தம் குடிக்கும் கழுகு, தலையறுந்த முண்டம், அங்கே “உருவில் பேய்மகள் கவலை கவற்ற” என்று வருகிறது. உருவில் என்றால் உருவமே இல்லாதவள் என்றும் கொள்ளலாம், அழகில்லாதவள் என்றும் கொள்ளலாம். எனக்கு முதலாவது போதும்.

இன்னொன்று. அந்தப் பாணனைக் கபிலர் “கடன் அறி மரபின் கைவல் பாண” என்று கூப்பிடுகிறார். கடன் என்றால் அங்கே கடமை. இன்றைக்கு நமக்கு அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வட்டி கேட்கும் பேய் என்று ஆறாம் தேதி சொன்னவர் பதிற்றுப்பத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார், அவருக்கே தெரியாமல்.

ஜனவரி 16

பட்டிப் பொங்கல். எழுத நேரமில்லை. கட்டுத்தரையில் நின்றபடி ஒரே ஒரு யோசனை: கொங்குப் பேய் எப்படிப் பேசும்? “ஏனுங், கொஞ்சம் வழி உடறீங்களா?” என்று கேட்டால் யாராவது பயப்படுவார்களா?

நான் பயப்படுவேன். இட்டேரியில், பொழுது இறங்கியபின், மரியாதையாக.

ஜனவரி 21

கேரளத்துக்கு ஒடியன் இருக்கிறான், நமக்கு யார் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒடியன் பாலக்காட்டுப் பக்கம், ராத்திரியில் மாடாக நாயாக உருமாறிவந்து ஆளைத் தீர்ப்பவன். கணவாய் வழியாகக் காற்று வரும்போது அவனுக்கு மட்டும் செக்போஸ்ட்டா? எங்கள் ஊரில் செய்வினை எடுக்க வேண்டுமென்றால் பழைய ஆட்கள் மேற்கே பார்த்துத்தான் கை காட்டுவார்கள். அந்தக் கடையை இத்தோடு மூடுவோம். அவரவர் பேய் அவரவருக்கு.

நான் சொல்ல வந்தது விசயமங்கலம். பெருந்துறைப் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் பழைய சமணக் கோவில் இருக்கிறது. பெருங்கதை எழுதிய கொங்குவேளிர் அந்த ஊர்க்காரர். உதயணன் கதை. ஆள் ஒளிந்திருக்கும் எந்திர யானை, செத்ததாக நடிக்கும் மந்திரி என்று கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத சரக்கு. உ.வே.சா. 1924இல் பதிப்பித்தார். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, நடுவில் இருப்பதுதான் கிடைத்தது.

இந்தக் கதையின் மூலம் எது? குணாட்டியர் எழுதிய பிருகத்கதை. மொழி பைசாசம், பிசாசுகளின் பாஷை. ஒரு பந்தயத்தில் தோற்றுப் போனதால் சமஸ்கிருதம், பிராகிருதம், தன் நாட்டு மொழி மூன்றையும் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனவர் அவர். மிஞ்சிய மொழி இது ஒன்றுதான். மை கிடைக்காமல் தன் இரத்தத்தால் ஏழு லட்சம் சுலோகம் எழுதினாராம். அரசன் இரத்தத்தையும் பாஷையையும் பார்த்து முகம் சுளித்தான். குணாட்டியர் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாகக் காட்டு மிருகங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு எரித்தார். மிருகங்கள் மேய்ச்சலை விட்டுவிட்டுக் கண்ணீரோடு கேட்டன. அரண்மனைச் சமையலில் கறி வறண்டுபோய் வந்தபோதுதான் அரசன் விசாரித்தான். ஓடி வந்து சேர்வதற்குள் ஆறு லட்சம் சாம்பல்.

அந்தப் பிசாசுப் பாஷைக் கதையை ஒரு கொங்குநாட்டு ஆள் தமிழில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நமக்குச் சரக்கு இல்லையாம்!

ஜனவரி 23

திருத்தம். படித்த நண்பர் ஒருவர் காதைத் திருகிவிட்டார். கொங்குவேளிர் பைசாச மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார் என்று சொல்ல முடியாது. மைசூர்ப் பக்கம் ஆண்ட கங்க மன்னன் துர்விநீதன் சமஸ்கிருதத்தில் செய்த வடிவத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலர் கருத்து. சரி. பிசாசு நேராக வரவில்லை, மைசூர் வழியாக வந்தது. வந்ததா இல்லையா?

இன்னொரு திருத்தம் எனக்கு நானே. முந்தாநாள் எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஊர்ப்பெருமை பேசியிருக்கிறேன். “எங்கள் ஊரிலும் இருக்கிறது” என்று பட்டியல் போடுவதால் கதை வந்துவிடாது. கேள்வி எப்படிப் பயமுறுத்துவீர்கள் என்பது. அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 2

இப்போது சொல்கிறேன். ஆனைமலை மாசாணியம்மன்.

படுத்த கோலத்தில், மயானத்தில் கிடப்பவளாக இருக்கும் அம்மன். கோவிலில் நீதிக்கல் ஒன்று உண்டு. பொருளைத் திருட்டுக் கொடுத்தவர், ஏமாற்றப்பட்டவர், பொய்ப்பழி சுமந்தவர் வந்து மிளகாய் வற்றலை அரைத்து அந்தக் கல்லில் பூசிவிட்டுப் போவார்கள். தொண்ணூறு நாளில் நியாயம் கிடைக்கும் என்பார்கள். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது.

அவள் யார்? நன்னன் என்ற குறுநில மன்னனின் காவல்மரத்து மாங்காய் ஆற்றில் மிதந்து வந்தது. குளிக்கப் போன பெண் எடுத்துத் தின்றாள். அதற்கு மரண தண்டனை விதித்தான். அவள் வீட்டார் எண்பத்தொரு யானையும், அவள் எடைக்குப் பொன்னில் பாவையும் தருகிறோம் என்றார்கள். வாங்க மாட்டேன் என்று கொன்றான். இது குறுந்தொகை 292, பரணர் பாட்டு. அந்தப் பெண்தான் ஆனைமலையில் படுத்திருக்கிறாள் என்பது கோவில் கதை.

கவனியுங்கள். அவள் பழி வாங்க ராத்திரியில் அலையவில்லை. நீதிபதியாக உட்கார்ந்துவிட்டாள். உட்காரவும் இல்லை, படுத்துவிட்டாள். ஒரு மாங்காய்க்கு எண்பத்தொரு யானை ஈடு கொடுத்தும் தீராத வழக்கு அது. அவளிடம் போய்த்தான் நாம் காணாமல்போன கோழிக்கும் தோட்டுக்கும் பிராது கொடுக்கிறோம்.

நான் கண்டுகொண்டது இதுதான். கொங்கில் அமானுஷ்யம் பயமுறுத்த வருவதில்லை. கணக்குக் கேட்க வருகிறது. பேய், அம்மன், செத்துப்போன பங்காளி எல்லாரும் பாக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கேள்வி கேட்டவர் கேலியாகச் சொன்ன வட்டிதான் நம் கதையின் எலும்பு.

சொந்த அனுபவமும் உண்டு. அம்மாவின் ஊர் நெகமத்துக்குப் பக்கம். எனக்கு ஆறேழு வயது இருக்கும். அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், வெள்ளைக்கல் தோடு காணாமல் போயிற்று. பக்கத்துச் சாளைக்காரம்மா (சாளை என்றால் தோட்டத்து வீடு) மேல் சந்தேகம். அம்மிச்சி ஆனைமலைக்குப் போய் மிளகாய் அரைத்துவிட்டு வந்தார். எனக்கு மறக்காமல் இருப்பது ஒன்றுதான்: எங்கள் வாசல் திண்ணையில் வட்டல் நிறைய மோர், அதற்குள் மணிக்கட்டு வரைக்கும் முக்கிய இரண்டு கைகள். சிவந்து வீங்கியிருந்தன. யாரும் பேசவில்லை. மிளகாய் அரைத்த கை அப்படித்தான் எரியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மற்றவருக்கு வைக்கும் நெருப்பு முதலில் நம் கையில்தான் பற்றுகிறது.

அந்தக் கடைசி வரி கொஞ்சம் அழகாக வந்துவிட்டது. சந்தேகமாக இருக்கிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 3

குறுந்தொகை 292ஐ முழுக்கப் படித்தீர்களா? நேற்று ராத்திரி மறுபடி படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பரணர் இந்தக் கொலையை எதற்குச் சொல்கிறார் தெரியுமா? தலைவன் ஒருநாள் சிரித்த முகத்தோடு விருந்தாளியாக வந்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அம்மா ராத்திரி தூங்காமல் காவல் காக்கிறாள். அவனைச் சந்திக்க முடியவில்லை. அந்த எரிச்சலில், பெண்ணைக் கொன்ற நன்னன் போன நரகத்துக்கே இந்த அம்மாவும் போகட்டும் என்று தோழி திட்டுகிறாள்.

அவ்வளவுதான். தூங்காத அம்மாவைத் திட்ட ஓர் உவமை. நாம் சரித்திர மாயக்கதை என்று ஐந்து பாகம் திட்டம் போடும் பொருளைப் பரணர் ஐந்தே வரியில் கடந்துபோகிறார். பயங்கரத்தைப் போகிறபோக்கில் சொல்வதுதான் பயங்கரம் போல. இளவரசனைக் கொண்டுவந்து நான் கெடுத்தது எங்கே என்று இப்போது புரிகிறது.

பிப்ரவரி 11

மாயக்கதை எழுதுகிறவர்கள் அடிக்கடி பேசுவது, மந்திரத்துக்கு விதி வேண்டும் என்பது. எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் வாசகனுக்கு அக்கறை போய்விடும். நமக்கு இதைச் சொல்லித்தர வெளியூர் ஆள் தேவையில்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை உத்தரவுப் பெட்டி இருக்கிறது.

முருகன் யாரோ ஒரு பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் அந்தப் பொருளோடு கோவிலுக்கு வந்து சொல்ல வேண்டும். உடனே நம்பிவிட மாட்டார்கள். சாமியிடம் பூக் கேட்பார்கள். பூவில் உத்தரவு வந்தால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த கனவு அடுத்த ஆளுக்கு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், அரிசி என்று எதுவும் வரலாம். வைத்த பொருளுக்கு இந்த வருசம் ஏற்றமா ஆபத்தா என்று ஊர் முழுக்கப் பேச்சு. பொருள் சொல்லப்படும், அர்த்தம் சொல்லப்படாது.

ஒரு கதைக்கு இது போதாதா? யாருக்குக் கனவு வரும் என்று தெரியாது. வந்தவன் பொய் சொல்கிறானா என்று பூதான் சொல்ல வேண்டும். ஒருவன் கனவில் வந்ததை மறைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றுமே ஆகாமல், பெட்டியில் பழைய பொருள் வருசக்கணக்காக அப்படியே இருந்தால்? அவன் வாரா வாரம் மலையேறி அதைப் பார்த்துவிட்டு இறங்கினால்?

இதை யாராவது எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அறுபது பக்கக் கடன் பாக்கியிருக்கிறது.

பிப்ரவரி 12

“கலிங்கத்துப்பரணியில் இல்லாத பேயா?” என்று ஒரு குரல். உண்மை. போர் இல்லாததால் பட்டினி கிடக்கும் பேய்கள், ஒரு முதுபேய் இந்திரசாலம் காட்ட, மாயக் களத்தை நிஜம் என்று நினைத்து விழுந்து தின்னப் போய் ஏமாறும். கடைசியில் கூழ் காய்ச்சிக் குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய் என்று வகை வகையாகப் பந்தி. ஆனால் அது கல்யாண மண்டபத்துப் பேய். எனக்கு இட்டேரிப் பேய் வேண்டும்.

மார்ச் 10

ஒரு மாதம் எழுதவில்லை. கணக்குக் கேட்கும் பேய் என்ற கொள்கையோடு சந்தோசமாக இருந்தேன். மகாசிவராத்திரி வந்து அதை உடைத்தது.

வீரப்பூரில் மாசித் திருவிழா. அண்ணமார் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கம்: பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். பங்காளிப் பகை, தலையூர்க் காளியோடு சண்டை, ஊரை அழிக்கும் கொம்பன் பன்றி. முடிவில் அண்ணன்மார் இருவரும் சாகிறார்கள். உடுக்கை அடித்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். ஒருவர் பாட இன்னொருவர் “ஆமா” போட, கதை விடியும்வரை நடக்கும். வேட்டுவர் பக்கம் நின்று கேட்டால் தலையூர்க் காளி வில்லன் இல்லை, காட்டை இழந்தவன். எழுதப் போகிறவர்கள் இதை மறந்துவிட்டு ஒருபக்கக் கதை எழுத வேண்டாம்.

நான் சொல்ல வந்தது படுகளம். இந்த வருசம் நான் வீரப்பூர் போகவில்லை. பத்து வருசத்துக்கு முன்னால் காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பார்த்ததுதான் திரும்பி வந்தது. பாட்டு சண்டைக் கட்டத்துக்கு வந்ததும் சுற்றி நின்ற ஆண்களில் ஒருவன் வெட்டுப்பட்டதுபோல விழுந்தான். அப்புறம் இன்னொருவன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துப் பதினைந்து பேர். தூக்கி வரிசையாகப் படுக்கவைத்து வெள்ளைத்துணி போர்த்தினார்கள். கை கால் கட்டைபோல இருந்தது. தங்காள் அருள் வந்த அம்மா அழுதுகொண்டே வந்து ஒவ்வொருவர் மேலும் தீர்த்தம் தெளித்தார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு பையன் மட்டும் எழவில்லை. இருபது வயது இருக்காது. இரண்டு தரம், மூன்று தரம் தெளித்தாயிற்று. கூட்டத்தின் ஓரத்தில் அவனுடைய அம்மா நின்றுகொண்டிருந்தார். வருசா வருசம் பார்க்கிறவர்தான், எழுவான் என்று தெரியும். ஆனாலும் அந்த முகத்தில் தெரிந்தது நடிப்பில்லை. கடைசியில் எழுந்தான். உடனே அந்த அம்மா திரும்பி, பக்கத்தில் இருந்தவரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

இதில் எங்கே கணக்கு? தங்காள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பாக்கி இல்லை, பிராது இல்லை. செத்தவர்கள் எழ வேண்டும், அவ்வளவுதான். என் கொள்கைக்கு இங்கே இடமில்லை.

மார்ச் 11

இடம் கொஞ்சம் இருக்கிறது. பொன்னர் சங்கருக்குச் சிவன் கொடுத்த ஆயுசு பதினாறு. நாங்கள் கேட்ட பாட்டில் தங்காள் அழுது அண்ணன்மாரை எழுப்பியதும் அவர்கள் பேசுவார்கள், ஆனால் தங்க மாட்டார்கள். நாள் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். அங்கேயும் யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பெண் அந்தக் கணக்கு நோட்டை மதிக்காமல் தண்ணீரோடு வந்து நிற்கிறாள்.

பிப்ரவரி 2இல் எழுதியது பாதிதான் சரி. மீதிப் பாதி எது என்று இன்னும் பிடிபடவில்லை.

மார்ச் 17

அம்மாவுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவரைக்கொட்டை உரித்துக்கொண்டே கேட்டார். குணாட்டியர் ஏட்டை எரித்ததற்கு “பாவம்” என்றார். என் அறுபது பக்கத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. மாசாணியம்மன் இடம் வந்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டார்.

“அது உங்க அம்மிச்சி அரைச்சது இல்ல கண்ணு.”

“பின்னே?”

“தோடு தொலைச்சது பக்கத்துச் சாளைக்காரங்க. சந்தேகப்பட்டது நம்ம மேல. அவங்கதான் ஆனைமலைக்குப் போயி, நம்ம பேரைச் சொல்லி அரைச்சுட்டு வந்தாங்க.”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. அப்படியானால் நான் பார்த்த கைகள்?

“அவங்க கைதான். சாயங்கால பஸ்ல எறங்கி வந்தாங்க. எரிச்சல் தாங்க முடியல. அவங்க சாளைல அன்னிக்கு மாடு கறவை இல்ல. நம்மூட்டு வாசல்ல வந்து, கொஞ்சம் மோர் இருந்தா ஊத்துங்கன்னாங்க.”

“எதுக்கு எரியுதுன்னு அம்மிச்சிக்குத் தெரியுமா?”

“ஊருக்கே தெரியும். உங்க அம்மிச்சிக்குத் தெரியாதா? வட்டல் எடுத்துட்டு வந்து ஊத்துனாங்க. ஒண்ணும் பேசல. அவங்களும் பேசல. எரிச்சல் அடங்குற வரைக்கும் திண்ணைல உக்காந்திருந்தாங்க. அப்புறம் சோறு போட்டாங்க, தின்னுட்டுப் போனாங்க.”

முப்பத்தைந்து வருசமாக நான் தலைகீழாக வைத்திருந்திருக்கிறேன். பிராது கொடுத்த கட்சி நாங்கள் என்று நினைத்திருந்தேன். “மற்றவருக்கு வைக்கும் நெருப்பு” என்று அழகாக ஒரு வரி வேறு. அதை அடித்துவிடுங்கள்.

தோடு எங்கே போயிற்று, யார் எடுத்தது என்று கேட்டேன். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

மார்ச் 18

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, “கடைசியில் கொடுமணல் கதை என்னவாயிற்று?” என்கிறார்.

இளவரசனை எடுத்துவிட்டேன். போரும் போயிற்று, செந்நிற நொய்யலும் போயிற்று. அறுபதில் பதினோரு பக்கம் மிச்சம். மணி தீட்டுகிறவன், ஈமக்குழி, துளை வழியாக வரும் கை. முன்பு அந்தக் கை மணியைக் கேட்டு நீளும், இவன் அலறுவான். இப்போது அது எரிகிற கை. இவன் மனைவி உள்ளே போய்ப் பானையை எடுக்கிறாள்.

மோரா, தண்ணீரா என்று முடிவு செய்யவில்லை. மாடு கறவையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.